பெண்ணை மீட்ட பெருந்தகை

விழுப்புரத்தில் எங்கும் எழுதிவைக்கப்படாத விதி ஒன்று உண்டு: பிளக்ஸில் ஏறிவிட்ட பிழையை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. காதுகுத்து விழாப் பதாகையில் காது விடுபட்டுப்போய் வெறும் குத்து விழாவாக நின்றாலும், மொய் எழுதி, பந்தியில் உண்டு, வீட்டுக்குப் போய்த்தான் சிரிக்க வேண்டும்.

ஆகவே காலையில் திடலோரம் வண்டியை நிறுத்திய ஷேர் ஆட்டோக்காரர் தம் ஐயத்தைப் பாராட்டாகவே வெளியிட்டார்.

"நல்ல காரியம் சார். பொண்ணைப் பெத்தவங்ககிட்ட ஒப்படைச்சாச்சா?"

சித்தார்த்தன் மேடையின் பின்புறம் கட்டியிருந்த பிளக்ஸை நிமிர்ந்து பார்த்தான். 'பெண்ணை மீட்ட பெருந்தகை கண்ணையனாருக்குப் பாராட்டு விழா.' கல்லூரியில் தமிழ் விரிவுரையாளனான அவனே யாத்த தொடர். பெண்ணை என்றது தென்பெண்ணையாற்றை. 'பெண்ணையை' என்று நீட்டினால் ஓசை கெடுமென்று உருபைத் தொகுத்திருந்தான். தொகுத்த இடத்தில் யாரோ ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள்.

கண்ணையன் முன்னாள் ஒன்றியச் சேர்மன். ஆற்றில் கரண்டு வைத்து மீன் பிடித்தவர்களை விரட்டியவர். தூண்டிலோடு மல்லுக்கட்டும் வாளையும் விராலும் சிக்கினாலும், ஆற்றிலேயே விட்டுவிடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிபவர். எந்த மாலைக்கும் கழுத்தை நீட்டாத மனிதர் இன்றைக்குத்தான் இசைந்திருந்தார். மீன் முட்டையிடும் காலத்தில் தூண்டில் போடுவதில்லை என்று அவர் முன்னிலையில் உறுதியெடுக்கத் திண்டிவனத்துத் தூண்டில்காரர்கள் பஸ்ஸேறிவிட்டார்கள். அவர் முகம் சுளித்து எழுந்துபோனால் உறுதிமொழியும் கூடவே போய்விடும்.

பிளக்ஸ் கடை அலெக்ஸைக் கைபேசியில் அழைத்தான்.

"அலெக்ஸ், அது ஆறுன்னு தெரியணும். ஜல்தியா 'ஆறு'ன்னு ஒரு வார்த்தை சேத்துடு."

"தோ, வந்துக்கினே இருக்கேன் சார்."

வந்தான், ஒட்டினான், போனான். 'ஆறு பெண்ணை மீட்ட பெருந்தகை.'

"டேய், இப்ப ஆறு பொண்ணா ஆயிடுச்சுடா!" என்று கைபேசியில் அலறினான் சித்தார்த்தன்.

"பின்னாடி எடமில்ல சார், முன்னாடி ஒட்டிட்டேன். ஒண்ணுக்கு ஆறுன்னா ஐயாவுக்குப் பெருமைதானே?"

அதற்குள் மகளிர் குழுவினர் ஆறு புதுச்சேலைகளோடு வந்து இறங்கினார்கள். "மீட்ட பொண்ணுங்க எங்க சார் உக்காந்துக்கினு இருக்காங்க?"

சித்தார்த்தன் மேடைக்குப் பின்னால் ஓடி மறுபடி அழைத்தான். "பெருசா ஒரு மீன் படம் ஒட்டுடா. பார்த்ததும் ஆத்து விஷயம்னு புரியணும்."

ஒட்டிய படத்தில் இடுப்புக்குக் கீழே மீன். இடுப்புக்கு மேலே கூந்தல் விரித்த அழகி.

"பொண்ணு, மீனு ரெண்டையும் போட்டுத் தேடினேன் சார். இதுதான் வந்துச்சு."

கிழிக்க நேரமில்லை. கண்ணையன் தம் மனைவி வெள்ளையம்மாளோடு மேடையேறிவிட்டார். கூட்டம் மொத்தமும் விதிக்குக் கட்டுப்பட்டு வானத்தைப் பார்த்தது. அவர் மட்டும் பிளக்ஸைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இன்னாடி, இவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று மனைவியின் காதில் சீறினார்.

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"பேஜாரா இருக்கு தம்பி. நான் கெளம்பறேன்."

"ஐயா, அது வந்து... வெயிலு..." என்று குழறினான் சித்தார்த்தன். அவனும் விழுப்புரத்துக்காரன், பிழை என்ற சொல் அவன் வாயிலும் வரவில்லை.

வெள்ளையம்மாள் மைக்கைப் பிடித்தார். "இவரு எங்கயும் போவமாட்டாரு. திண்டிவனத்துத் தம்பிங்களா, எழுந்து கையை நீட்டுங்க!"

நீண்ட கைகளைக் கண்டதும் படியிறங்கிய கால்கள் தாமாகத் திரும்பின. கண்ணையன் உறுதிமொழியைச் சொல்ல, திடல் திருப்பிச் சொன்னது. கைத்தட்டல் ஓயவில்லை. ஆறு சேலைகளும் பொன்னாடைகளாகி அவர் தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. சித்தார்த்தன் அப்போதுதான் மூச்சுவிட்டான்.

வெள்ளையம்மாள் மட்டும் மைக்கை இன்னும் விடவில்லை.

"பிளக்ஸ்ல ஒரே ஒரு தப்புதான் சார். 'பெண்ணை மீட்ட'ன்னு இல்ல, 'பெண் மீட்ட பெருந்தகை'ன்னு போடணும். ஒரு வாளை மீனு இவரைத் தூண்டிலோட ஆத்துக்குள்ள இழுத்துக்கினு போனப்ப, முடியைப் புடிச்சுக் கரையில போட்டவ நான், அன்னியிலேர்ந்துதான் இவரு எந்த மீனு மாட்டினாலும் மரியாதையா விட்டுடறாரு!"