வினைச்சொல் உட்காரும் இடம்

வினைச்சொல்லை இடம் மாற்றி வைத்துவிட்டோம் என்பது, மானேஜரிடம் டச்சில் பேசி வாயை மூடிய பிறகுதான் நாகேஸ்வரிக்கு உறைத்தது. டச்சில் "நாளைக்கு" என்று ஆரம்பித்தால் அடுத்த இடத்தில் வினைச்சொல் வந்து குந்திக்கொள்ள வேண்டும். "நான்" அதற்குப் பின்னால்தான். அவளோ இங்கிலீஷ் பழக்கத்தில் "நான்" என்பதை முன்னால் தள்ளிவிட்டாள்.

மானேஜர் வான் டெல்டனின் முகம் சுண்டிப் போனது. மறுநாள் காலை, அவர் அறை வாசலில் இருந்த அவள் மேஜை பைல் அலமாரிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

துறைமுகக் கூலியின் மகள். குடும்பத்தின் முதல் பி.ஏ. ராபின்சன் ரோட்டில் ஒரு டச்சுக் கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கிறாள். செக்ரட்டரி மிஸஸ் பெரேரா வேலையை விடப் போகிறார். அந்த நாற்காலி நாகேஸ்வரிக்கு வேண்டும். மானேஜரும் அவருடைய உதவியாளரும் நாள் முழுக்கத் தங்களுக்குள் டச்சில்தான் பேசிக்கொள்வார்கள். டச்சு தெரியாமல் செக்ரட்டரி ஆவது எப்படி? பட்டம் வாங்கிய மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது.

பிராஸ் பாசா கடைத்தெருவில் வாங்கிய பழைய டச்சுப் பாடப் புத்தகத்தை ஜாலான் புசார் வீட்டில் உட்கார்ந்து உருப்போட்டாள். அம்மா பூவம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தமிழ்ல நீ வாயத் தொறந்தாலே வர்ற மாப்பிள்ளையெல்லாம் ஓடுறான். இதுல இன்னொரு பாஷை வேறயா?"

புத்தகம் இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதியது. "ஏனென்றால்" வந்துவிட்டால் வினைச்சொல் எழுந்து கடைசிக்குப் போய்விடும், பயப்பட வேண்டாம் என்று பக்கம் பக்கமாகத் தைரியம் சொல்லியிருந்தார்கள். நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துப் பேசுகிறவளுக்கா பயம்?

அடுத்த வாரம் மானேஜரும் உதவியாளரும் அலமாரிப் பக்கம் நின்று, லேட்டாக வரும் கிளார்க் காதர் மைதீனை வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்று டச்சில் பேசிச் சிரித்தார்கள். நாகேஸ்வரி டைப் அடிப்பதை நிறுத்தினாள். அவர் லேட்டாக வருகிறார், ஏனென்றால் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று டச்சிலேயே எடுத்துச் சொன்னாள். வினைச்சொல் ஒழுங்காகக் கடைசியில் போய் நின்றது. உதவியாளர் கையிலிருந்த காப்பி அவர் கால்சட்டையில் போய் நின்றது.

திங்கட்கிழமை அவளை ஊருக்கு வெளியே இருந்த ஜூரோங் கிடங்குக்கு மாற்றினார்கள். சேறு, கொசு, பாதி வேய்ந்த கூரை. உச்சரிப்புதான் சரியில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பேசினால்தானே உச்சரிப்பு? செக்ரட்டரி வேலைக்கான மனுவை டச்சிலேயே எழுதி, ஒவ்வொரு வினைச்சொல்லையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்து அனுப்பினாள்.

பதில் டெலிபோனில் வந்தது. பேசியது போன மாசம் சேர்ந்த டைப்பிஸ்ட் ஜைனப்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. செக்ரட்டரி வேலைய எனக்குக் கொடுத்துட்டாங்க."

"உனக்கா? இன்டர்வியூல அப்படி என்னடி கேட்டாரு?"

"ஒன்னே ஒன்னுதான்கா. டச்சு தெரியுமான்னாரு. ஒரு வார்த்தைகூடத் தெரியாதுன்னேன். ரொம்ப நல்லது, இன்னிக்கே உள்ள வந்து உட்காருன்னுட்டாரு."