தி.நகர் கிளையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் காபி

சாவு வீட்டில் காபி நன்றாக இருக்கக் கூடாது. நன்றாக இருந்தால் வந்த ஜனம் எழுந்து போகாது. கழுநீர் மாதிரி இருக்க வேண்டும், ஆறிப்போயிருக்க வேண்டும், டம்ளரைச் சரியாகக் கழுவியிருக்கக் கூடாது. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம் இருபத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. (படித்தது எம்.காம். அதில் இதெல்லாம் வராது.) தெரியாமல் நான் செய்த காரியத்தை என் மனைவி வசந்தி வீட்டார் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதையும் விடாமல் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. சேதாரம் கொஞ்சம் குறையும்.

என் மாமனார் சதாசிவம் அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் ராஜா அண்ணாமலைபுரத்தில் வாடகை வீடு. மனிதருக்கு சிகரெட் இல்லை, சீட்டு இல்லை, குடி இல்லை. காலையில் தி.நகர் போய் ஒரு காபி. அதற்கு மட்டும் கேள்வி கேட்கக் கூடாது.

அந்த ஹோட்டலுக்கு மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று மூன்று கிளைகள் இருந்தன. ஒரே முதலாளி, ஒரே போர்டு, ஒரே மாதிரி டபரா. மயிலாப்பூர் கிளைக்கு மாமா வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால், "அங்க குடுக்கறது காபி இல்ல மாப்பிள்ளை, கோயில் தீர்த்தம். அடையாறுல குடுக்கறது கஷாயம். காபின்னா தி.நகர்" என்பது அவர் தீர்ப்பு. நானோ அடையாறு கட்சி. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனால் பிற்பகல் முழுக்க இந்த வாய்ச்சண்டைதான்.

"காபிக்குன்னு பஸ் ஏறிப் போற ஆளை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா மாப்பிள்ளை?" என்பார் அத்தை. "போக டிக்கெட், வர டிக்கெட், மழை பேஞ்சா ஆட்டோ. இந்தக் காசை சேத்து வச்சிருந்தா வசந்திக்கு இன்னொரு சங்கிலி போட்டிருக்கலாம்." முப்பது வருஷமாக அத்தை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மாமா அவரை அந்த ஹோட்டலுக்கு அழைத்துப் போனதில்லை.

எங்கள் கல்யாணமாகி எட்டாம் மாதம் மாமாவுக்கு ஈரல் கெட்டுப்போய் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, கண் மஞ்சளாகிவிட்டது. காபி கூடாதென்று டாக்டர் சொன்னதும் மனிதர் பாதி அன்றைக்கே போய்விட்டார். ஒருநாள் வசந்தியும் நானும் பக்கத்தில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. நீங்கதான் எனக்குக் கொள்ளி போடணும். கஜபதி கை என் மேல படக் கூடாது."

கஜபதி என்பவர் மாமாவின் அண்ணன் மகன். பரம்பரை வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டு, சித்தப்பாவைக் கோர்ட் படி ஏற்றியவர். ஆண் வாரிசு இல்லாதவருக்கு மாப்பிள்ளை செய்யலாம். மாப்பிள்ளையும் இல்லையென்றால் பங்காளி வந்து நிற்பான். மாமாவுக்குப் பங்காளி என்றால் கஜபதி ஒருவர்தான்.

"நான் இருக்கேன் மாமா, கவலைப்படாதீங்க" என்றேன். சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சில் கைவைத்து வேறு சொன்னேன். வசந்தி அழுதாள்.

ஒரு வியாழக்கிழமை மாமா போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். அன்று பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மே மாத வெயில், வைத்திருக்கக்கூடிய உடம்பும் இல்லை. என்னைக் குளிக்கச் சொல்லிப் புது வேட்டி கொடுத்தார்கள். சங்குக்காரர் வந்துவிட்டார். கஜபதியும் வந்து, அழைக்காமலே மாமா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

சாவு வீட்டில் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் அடுத்த வீட்டம்மா ஒரு தூக்கு நிறையக் காபி அனுப்பியிருந்தார். ஒரு வாய் குடித்தேன். வெறும் சிக்கரி. மூன்று நாளாகத் தூக்கமில்லை, தலை வெடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. தி.நகர் காபிக்காகவே வாழ்ந்த மனுஷன். வாய்க்கரிசி போடும்போது அவர் உதட்டில் ஒரு சொட்டு தி.நகர் காபி விட்டால் எப்படி இருக்கும்! வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய். நினைக்க நினைக்க எனக்கே கண் கலங்கியது. (அந்தக் கண்ணீரில் முக்கால்வாசி என் தலைவலிக்காக என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.)

ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் கொண்டுபோன பெரிய ஃபிளாஸ்க்கை எடுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். வாசலில் வசந்தி.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மாமாவுக்குத்தான். ஒண்ணு வாங்கணும், இதோ வந்துடறேன்."

மாலையோ, சந்தனமோ என்று நினைத்திருப்பாள். "சீக்கிரம் வந்துடுங்க. கஜபதி அண்ணன் வந்து உக்காந்திருக்காரு, பாத்தீங்கல்ல?" என்றாள்.

"அவன் கிடக்கான். நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தி.நகர் போகும்போது ரோடு காலியாக இருந்தது. எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, கல்லாவில் போய் நிற்கும்வரை.

"காபி இல்ல சார். வெயிட் பண்ணணும்" என்றார் கல்லாக்காரர்.

"ஹோட்டல்ல காபி இல்லையா?"

"டிகாஷன் தீந்துபோச்சு. வேன் வரணும்."

"எங்கேருந்து?"

"மயிலாப்பூர்லேருந்துதான். மூணு கிளைக்கும் அங்கதான சார் டிகாஷன் இறக்கறாங்க? கேன்ல வரும். அஞ்சு நிமிஷம், உக்காருங்க."

மாமா பஸ் ஏறிப்போய்க் குடித்தது, கோயில் தீர்த்தம் என்று அவரே திட்டிய அதே சரக்கு. பாலும் சர்க்கரையும் மட்டும் இங்கே கலந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் கொதிக்கிற டிகாஷனுக்காக நான் தி.நகரில் உட்கார்ந்திருக்கிறேன். புத்தியுள்ளவன் அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்துத் திரும்பியிருப்பான். நான் உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே!

சும்மா உட்கார்ந்தவன் முன்னால் சர்வர் இலையைப் போட்டார். அவர்மேல் தப்பில்லை, உட்கார்ந்தவனுக்கு இலை போடுவது அவர் வேலை. இரண்டு இட்லி வந்தது. தின்றேன். அங்கே பெற்ற பெண் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடக்கிறாள், இங்கே கொள்ளி போட வேண்டிய மகானுபாவன் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறான். எழுதும்போது விரல் கூசுகிறது.

அஞ்சு நிமிஷம் என்பது ஹோட்டல்காரர் பாஷையில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வேன் வந்து, கேன் இறங்கி, பால் காய்ந்து, முதல் டம்ளரை நின்றபடியே நான் குடித்தபோது தலைவலி நின்றது. நின்ற பிறகுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. மணி பத்து.

ஃபிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் விழுந்தேன். தேனாம்பேட்டையில் ஏதோ ஊர்வலம், வண்டி நகரவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், ஆஸ்பத்திரியா?"

"சாவு வீடு."

"சாவு வூட்டுக்குக் காபியா? யாரு சார் பூட்டாங்க?"

"மாமனார்."

"அய்ய. கொள்ளி யாரு?"

"நான்தான்."

அவர் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். "நைனா, அங்க பொணம் ஒன்க்காகக் காத்துக்கினு கீது, நீ இங்க காபி வாங்கினு கீறே?" என்று கேட்டவர், வண்டியைத் திருப்பிச் சந்துக்குள் விட்டார். அங்கிருந்து வீடுவரை பிரேக் என்கிற சாமானையே அவர் தொடவில்லை. ஃபிளாஸ்க் மூடி கழன்று பாதிக் காபி என் வேட்டியில் இறங்கியது. (இத்தனை நியாயம் பேசிய மனிதர் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் வாங்காமல் விடவில்லை.)

தெருவில் சாமந்தி இதழ்கள் சிதறிக் கிடந்தன. கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அத்தை தலைக்குக் குளித்து, சுவரோரம் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

"எடுத்துட்டாங்களா அத்தை? யாரு... கஜபதியா?"

"கஜபதிதான் சட்டியைத் தூக்கினான். வசந்தி புடுங்கிட்டா. அப்பா உங்க கை படக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, எங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இருங்கன்னா. ராகு காலம் வந்துடப்போகுதுன்னு எல்லாரும் கத்தினாங்க. சரி, நானே வரேன்னு நெருப்புச் சட்டியோட கிளம்பிட்டா. பொம்பள சுடுகாட்டுக்கு வரதான்னு ஒரே சண்டை மாப்பிள்ளை. அவ யார் பேச்சையும் கேக்கல. போற வழியெல்லாம் உங்களைத்தான் தேடியிருப்பா."

கையில் ஃபிளாஸ்க்கோடவே மயிலாப்பூர் சுடுகாட்டுக்கு ஓடினேன். வழியில் அந்த ஹோட்டலின் மயிலாப்பூர் கிளை. வாசலில் வேன் நின்றது, கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது புகை மேலே போய்க்கொண்டிருந்தது. வசந்தி அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, நேரே நடந்து வர வேண்டும். புடவையெல்லாம் பானைத் தண்ணீர், கன்னத்தில் கரி. பத்து ஆண்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி. அவர்களில் ஒருவர்கூட அவள் பக்கத்தில் நிற்கவில்லை.

கஜபதி என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க மாப்பிள்ளை. காபி வந்துடுச்சா?"

யாரோ சிரித்தார்கள். இன்றுவரை ஓயாத சிரிப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வசந்தி நேரே என்னிடம் வந்து நின்றாள். திட்டுவாள், அடிப்பாள், என் மேல் விழுந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண் என் வேட்டிக்குப் போயிற்று. காபிக் கறைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு.

"சாம்பாரா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் என்னைத் தாண்டி நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் குளித்த பிறகு, மிச்சமிருந்த காபியை டம்ளர்களில் ஊற்றினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த வீட்டுக் காபியே தேவலை என்றார் ஒருவர். அத்தைக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானா?"

"ஆமா அத்தை."

"இதுக்கா தினமும் பஸ் ஏறிப் போனாரு?" என்றவர், காலையிலிருந்து அழாதவர், அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். டிகாஷன் வருகிற இடத்தை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் புத்தியாவது எனக்கு இருந்தது.

அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும், "என்ன, தி.நகர் வழியா வந்தியா?" என்று கேட்பார்கள். முகூர்த்த நேரத்தில் நான் ஒன்றுக்குப் போனால்கூட, "மாப்பிள்ளை கையில ஃபிளாஸ்க் இருக்கா பாருங்க" என்று ஒரு குரல் வரும். நானும் சேர்ந்து சிரித்துப் பழகிவிட்டேன். வெளிக்காபியை அன்றோடு விட்டாயிற்று. வீட்டில் வசந்தி போடுகிற காபிதான். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

எங்களுக்கும் ஒரே பெண். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது எல்லோரும் அந்தக் கதையை மறுபடி எடுத்துச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் வசந்தி, காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் மகளிடம் சொன்னாள்:

"நான் போனா எனக்கு நீயே கொள்ளி போட்டுடும்மா. அன்னைக்குக் காலைல அப்பாவுக்கு மறக்காம காபி குடுத்துடு. இல்லன்னா தேடிக்கிட்டுப் போயிடுவாரு."