ஓடிக்கொண்டிருந்த சிவப்பு வரி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, பூட்டுக்கடையிலிருந்து மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சொல்லச் சொல்ல எழுதுபவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். டாக்டர் சீட்டையே படித்துப் படித்து அவர் கையும் அப்படி ஆகிவிட்டது. புரியாவிட்டால் என்னைத் திட்ட வேண்டாம்.

விஷயம் இதுதான். என் மகன், உங்கள் மச்சான், நம் கடைக்குப் போட்டுக் கொடுத்த இணையப் பக்கத்தைப் போன வாரம் புதுப்பித்துவிட்டீர்கள். போனைத் திறந்ததும், வேறு யார் கடையோ என்று மூடிவிட்டேன். அவன் அதைப் போட்ட அன்று விடாத மழை. சாவி வெட்டும் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு, கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து தட்டினான். மஞ்சள் பின்னணி, நாலு மூலையிலும் மின்னும் சாவி, நடுவில் வலமிருந்து இடமாக ஓடும் ஒரு சிவப்பு வரி. பதினொன்று எண்ணுவதற்குள் ஓடி மறைந்து மறுபடி வரும். "என்னடா எழுதியிருக்கே?" என்றேன். "எல்லாம் உன் பெருமைதாம்ப்பா" என்றான். அதற்கு மேல் யாரிடமும் கேட்டதில்லை. படித்துக் காட்டவா என்று வந்தவர்களையும், எனக்குத் தெரியாததா என்று விரட்டிவிட்டேன். அவன் கண்ணை மூடி ஒன்பது வருஷம். இன்றுவரை கடை திறந்ததும் அந்த வரி இரண்டு தடவை ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அரத்தையே கையில் எடுப்பேன். இப்போது பக்கம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. எழுத்தெல்லாம் ஒரே கறுப்பு, எல்லாம் நிற்கிறது. எல்லாமே நின்றால் இதில் எது என் பிள்ளை எழுதியது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

போனில் கேட்டால் என்ன சொன்னீர்கள்? "மாமா, அது அந்தக் காலத்துக் கோடிங். கட்டத்துக்குள்ள கட்டம், அதுக்குள்ள இன்னொரு கட்டம். இப்ப உலகத்துக்கே பொதுவா ஒரு விதி இருக்கு, அதுபடி எழுதியிருக்கேன்." உலகமா வந்து என்கிட்ட சாவி வெட்டிக்குது? "கண் தெரியாதவங்களுக்குக்கூட இனி போனே வாய்விட்டுப் படிச்சுக் காட்டும் மாமா" என்று பெருமை வேறு. எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது மாப்பிள்ளை, எழுத்துதான் தெரியல. நாற்பது வருஷமா எத்தனை துருப்பிடிச்ச பூட்டைச் சரி பண்ணியிருக்கேன், ஒருநாளும் கதவைப் பேர்த்துப் போட்டதில்ல. விதியும் வேணாம், ஒண்ணும் வேணாம், பழசையே திருப்பிப் போடுங்க. அதுவரைக்கும் உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.

மகளுக்கு என் முழு ஆசி. உங்களுக்குப் பாதி; மீதி, வரி ஓட ஆரம்பித்ததும்.

இப்படிக்கு,
கீழே உள்ள பெருவிரல் ரேகை
(கறுப்பாக இருப்பது மை இல்லை, மெஷின் எண்ணெய்.)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன மருந்துக்கடைக்காரர், "மாப்பிள்ளை சொன்னதையும் ஒருதடவை பாத்துடலாமே அண்ணா" என்று என் போனில் எதையோ அமுக்கினார். ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், மேலிருந்து படித்துக்கொண்டு வந்தது. கடை பெயர், திறக்கும் நேரம், அப்புறம்: "இந்தப் பக்கத்தில் இன்னும் வேலை முடியவில்லை. விரைவில் முடித்துவிடுவேன்." அவ்வளவுதான். என் பெருமையாம், திருட்டுப் பயல்! மருந்துக்கடையில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும், ஐந்தாவது தடவை படிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை, மேலே சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். வரி ஓட வேண்டாம். பக்கம்தான் முடிந்துவிட்டதே என்று அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முடித்துவிடுவேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.