மச்சினனுக்குத் தாரை வார்த்த வீடு

வக்கீல் என்றாலே எனக்கு ஆகாது. நாலு வீடியோ பார்த்தால் நாமே செய்துவிடலாமே என்கிற மண்டைக்கனம். அந்தக் கனத்தில் ஒரு வீடே கைவிட்டுப் போனது.

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் டவுன்ஹவுஸ் வாங்கியபோது, என் மனைவி கவிதாவின் தம்பி பிரபுவும் பங்கு போட்டான். கடன் என் பெயரில்; வீடு இருவர் பெயரிலும். அவன் பங்கைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "மாமா, நான் தனியா வீடு பார்க்கறேன். இதுலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க" என்றான்.

நம்மூரில் விடுதலைப் பத்திரம் என்போமே, அதற்கு இங்கே க்விட்க்ளெய்ம் டீட் என்று பெயர். உரிமையை விடுகிறவர் பெயர் மேலே, பெறுகிறவர் பெயர் கீழே. இது எனக்கு இப்போது தெரியும். அன்று தெரிந்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை மரியாதை மட்டும்தான். பெரியவன் நான் இருக்க, சின்னப் பையன் பெயர் மேலேயா? (வீட்டு மாப்பிள்ளை ஐயா நான்!) என் பெயரை மேலே ஏற்றி, பிரபுவைக் கீழே இறக்கினேன்.

நோட்டரி அம்மாள் தாளைப் பார்த்துவிட்டு, மேலே இருப்பவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

"பார்த்தியாடா? இங்கயும் பெரியவங்களுக்குத்தான் மரியாதை."

"கரெக்ட் மாமா" என்று பேனாவைத் திறந்து நீட்டினான் பாவி.

பதிவாகி வந்த கவரைப் பிரிக்காமலே குங்குமம் வைத்துப் பூஜை அலமாரியில் சேர்த்தேன். சில மாதம் கழித்து வந்த வீட்டு வரி நோட்டீஸில் பிரபு பெயர் மட்டும் இருந்தது. பத்திரம் பதிந்த கவுன்ட்டி ஆபீசுக்கு போன் பண்ணினால், அங்கிருந்த பெண்மணி குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். என் பங்கை நானே அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். கடன் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

ஊரில் கல்யாணம் முடிந்து, அடுத்த வாரம் அவனுடைய புது மனைவி வந்திறங்கப் போகிறாள். "இது நம்ம வீடுதானே?" என்று அவள் கேட்டால் நான் எங்கே போவேன்?

கவிதா சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. "ஏங்க, அப்போ இத்தனை நாளா என் தம்பி வீட்லயா இருக்கீங்க?"

பிரபு தங்கம். "நாளைக்கே திருப்பி எழுதித் தர்றேன் மாமா" என்றான். எனக்கு உயிர் வந்தது.

"எழுதுடா. ஆனா இவர் பேருக்கு வேணாம்" என்றாள் கவிதா. "அடுத்து எதிர் வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துடுவார்."

இம்முறை வக்கீல்தான் எழுதினார். மேலே பிரபு, கீழே கவிதா. என் பெயர் எங்கும் இல்லை.

இன்றும் யாராவது வந்து, "உங்க வீடு சூப்பரா இருக்கு அங்கிள்" என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொள்கிறாள்:

"தேங்க் மை மாம். ஹி ஜஸ்ட் லிவ்ஸ் ஹியர்."