ஐஸ்கப்பல் மேஸ்திரியும் என் இடது காலும்

கடலைப் பார்த்ததில்லை, வேலூரைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் பாதி ஆயுளை வடதுருவத்தில் கழித்த ஒரே மனிதர் ஜவ்வாது மலையில் எங்கள் ஐஸ்கப்பல் மேஸ்திரிதான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஓட்டல், செங்கல் சூளை, லாரி என்று சுற்றிக்கொண்டிருந்த நான் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். காட்டில் நெல்லியும் கடுக்காயும் உலுக்கும் கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாயத் தொற."

திறந்தேன். மாடு பிடிக்க வந்தவர்போல ஈறை அழுத்திப் பார்த்தார்.

"ரத்தம் வருதா?"

"இல்லீங்க."

"வரும். தெனம் ரெண்டு நெல்லிக்கா துன்னு. கப்பல்ல அத்தினி பேரும் பல்லு ஆடித்தான் செத்தானுங்க."

எந்தக் கப்பல் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் செல்போனில் ஒரு தொடர் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் ஒன்று துருவக் கடலில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்கிறது. சாப்பாடு தீர்கிறது. ஆட்கள் கப்பலைக் கைவிட்டு, படகில் சாமான்களை ஏற்றி, அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பனியில் நடக்கிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அவ்வளவுதான் கதை. தமிழில் பேசுவார்கள். வேலை முடிந்ததும், நாங்கள் தங்கும் காட்டு ஷெட்டில் அரிசி மூட்டைமேல் போனைச் சாய்த்து வைப்பார். எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசி ஆள் செத்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் எழுந்து போனவனுக்கு மறுநாள் முள் புதருக்குள் நிற்கிற மரம்தான்.

"மேஸ்திரி, அந்தத் தாடிக்காரன் போன வாரமே செத்துட்டாம்பா" என்பான் சடையன். கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள் அவன்தான்.

"இன்னிக்கும் சாவட்டும். எங்க தப்பு பண்ணான்னு பாரு."

அவர் கணக்குப்படி இரண்டு தப்பு. ஒன்று பாரம். பசியோடு நடப்பவர்கள் படகில் பீங்கான் தட்டும் புத்தகமும் ஏற்றி இழுப்பார்கள். அந்த இடம் வந்தால் மேஸ்திரி போனைப் பார்த்துக் கத்துவார்: "தூக்கிப் போடுடா அத்த! தட்டத் துன்னுவியா?"

இன்னொன்று, நடக்க முடியாதவர்களைக் கூடாரத்தில் படுக்கவைத்துவிட்டு, "ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்" என்று போவது. அங்கே கத்தமாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். "ஒருத்தனாவது திரும்பி வந்தானா, சொல்லு?" என்று பக்கத்திலிருப்பவனிடம் கேட்பார். பக்கத்திலிருந்தது பெரும்பாலும் நான்.

ஒருமுறை சந்தையில் மீன் விற்பவரின் ஐஸ் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னாய்யா பண்ற?" என்றார் மீன்காரர்.

"எம்மா நேரம் தாங்குதுன்னு பாக்கறேன்."

"மீன் வாங்குவியா, மாட்டியா?"

"மீன் செத்துப்போச்சு. அதுக்கு இன்னா அவசரம்?"

கையை எடுத்தபோது விரல்கள் மடங்கவில்லை. அன்று சடையன்தான் அவருக்குச் சோறு ஊட்டினான். மேஸ்திரியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

புயல் மழை விடாமல் பெய்த ஒரு நாள் காலையில், ஈரக் கடுக்காய் மரத்திலிருந்து நான் வழுக்கி விழுந்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. ஷெட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது.

"இவன இங்கயே படுக்க வெப்போம். நா ஜமுனாமரத்தூருக்கு நடந்து போய் ஆம்புலன்ஸ இட்டாறேன். மண்ண இன்னிக்கே அள்ளிடுவாங்க" என்றான் சடையன்.

"திரும்பி வருவியா?"

"வராம?"

"அவனுங்களும் அப்டித்தான் சொன்னானுங்க" என்றார் மேஸ்திரி.

சடையன் காறித் துப்பிவிட்டு மழையில் இறங்கிப் போனான். மேஸ்திரி காத்திருக்கவில்லை. மலையில் நோயாளியைத் தூக்குவதற்கு வழக்கமாகக் கட்டுகிற டோலிதான்: ஒரு மூங்கில், ஒரு கம்பளி. நான்கு பேர் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் மலையடிவாரத்து அமிர்திப் பக்கமாக இறங்கினார்கள். கிளம்புவதற்கு முன் பாரத்தைக் குறைத்தார் மேஸ்திரி. கடுக்காய் மூட்டை, கத்தி, கயிறு, அலுமினியக் குண்டான் எல்லாம் போயிற்று. கடைசியில் அரிசி.

"மேஸ்திரி, அது சோறு" என்றான் பொன்னன். முன்பக்கம் தோள் கொடுத்தவன் அவன்.

"பாரந்தான்டா ஆளக் கொல்லும். சாயங்காலம் அமிர்தில பரோட்டா."

பாதி வழியில் காட்டாறு இடுப்புக்கு மேல் ஓடியது. தண்ணீர் வடிகிற வரைக்கும் ஒரு பாறைக்குக் கீழே உட்கார்ந்தோம். வடியவில்லை. பொழுது சாய்ந்தது. பொன்னன் மெதுவாகக் கேட்டான்:

"மேஸ்திரி, கப்பல்ல சோறு தீந்தப்புறம் இன்னாத்தத் துன்னானுங்க?"

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு வலியில் கத்தினேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

மறுநாள் விடிந்த பிறகே ஆற்றைக் கடக்க முடிந்தது. தண்ணீர் கழுத்தைத் தொட்ட இடத்தில் மேஸ்திரி டோலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் காலைத் தொட்டுப் பார்த்தார். ரத்த ஓட்டம் நின்று நெடுநேரம் ஆகிவிட்டது, முந்தின நாளே வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்றார். முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து சடையன் வார்டுக்கு வந்தான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மேஸ்திரி.

"அன்னிக்கே பொழுது சாயறதுக்குள்ள வண்டியோட வந்தேன் மேஸ்திரி. ஷெட்டுல யாருமில்ல. டிரைவரு என்னத் திட்டிட்டுப் போய்ட்டான்."

மேஸ்திரி போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தினமும் பஸ் பிடித்து வந்தார். என்னை மூத்திரத்துக்குத் தூக்கிப் போவார், திரும்பக் கொண்டுவந்து கிடத்துவார். கப்பல் பேச்சே இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "கப்பல் எங்க மேஸ்திரி?"

"அழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"சடையன் திரும்பி வந்துட்டான்ல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது ஆலங்காயத்தில் ஒரு டீக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை மடித்துக் கொடுக்கிறேன். கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும், அந்தக் கிறுக்கன் சும்மா இருந்திருந்தால் உனக்குக் கால் இருந்திருக்கும் என்கிறார்கள். இருந்திருக்கும்தான். ஆனால் எத்தனையோ ஊரில் என்னை எத்தனையோ பேர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விடமாட்டேன் என்று தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர் ஒருத்தர்தான்.