எழுதாத நாட்களின் நோட்டு

அதுவரை பதினோரு பத்திரிகை ஆசிரியர்கள் அவருக்காக வருந்தியிருந்தார்கள். "தங்கள் கதையைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று கைப்பட எழுதியே அனுப்பியிருந்தார்கள். சொந்த மாமனார் போனபோதுகூட அவர் வீட்டுக்கு இத்தனை அனுதாபக் கடிதம் வந்ததில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி விடுகிறவர். அவருடைய கதைகள் மட்டும் தரைத்தளத்தை விட்டு எழும்ப மறுத்தன. பன்னிரண்டாமவரும் வருந்திய சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் சபதம் போட்டார்.

"நாளையிலேர்ந்து தினம் முந்நூறு வார்த்தை. சாயந்திரம் ஆறுலேர்ந்து ஏழு, கதவைச் சாத்திக்குவேன். யாரும் கூப்பிடக் கூடாது."

"அந்த நேரத்துலதானே நீங்க துணி மடிக்கிறது, காய் நறுக்குறது, சின்னவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குறது?" என்றாள் மனைவி.

"இலக்கியம்னா சில தியாகம் வேணும்மா."

"தியாகம் பண்றது நான். அதனால ஒரு நோட்டு போடுங்க. தினம் எத்தனை வார்த்தைன்னு எழுதி வைங்க. எழுதலன்னா, ஏன் எழுதலன்னு எழுதுங்க."

அவள் பல் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். இனிப்பைத் தொடுவதே இல்லை என்று சொல்கிறவர்களைத் தினம் நாற்பது பேர் பார்க்கிறவள். அவர் ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் முந்நூறு. மறுநாள் நூற்று நாற்பது. மூன்றாம் நாள் ஓர் அரிய உண்மை பிடிபட்டது. கதை எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. ஏன் எழுதவில்லை என்று எழுதக் கால் மணி போதும். மிச்சம் முக்கால் மணி கட்டிலில் காலை நீட்டலாம்.

நோட்டு நிரம்பத் தொடங்கியது.

"செவ்வாய்: உளவாளி ஆறாவது மாடியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டான். எந்தக் கம்பெனி லிஃப்ட் என்று தெரியாமல் அவனை வெளியே எடுப்பது தொழில் தர்மம் ஆகாது. வார்த்தை: பூஜ்யம்."

"வியாழன்: பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கதாநாயகி திடுக்கிட்டாள். இருபது தடவை திடுக்கிட்ட பெண்ணை வைத்துக் காதல் காட்சி எழுத முடியாது. பூஜ்யம்."

"ஞாயிறு: எழுதத்தான் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் வகுத்தலில் மீதியைத் தப்பாகச் சொன்னாள். மனசு அங்கே போய்விட்டது. இங்கே மீதி: பூஜ்யம்."

அவள் தினமும் படிப்பாள், மூடி வைப்பாள். ஒருநாள் நோட்டைப் பிடித்தபடி அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தார். இலக்கியத்துக்காக அழுகிறாள் என்று அவருக்கே பாவமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. 'வருந்துகிறோம்' என்ற சொல்லை மேலிருந்து கீழ்வரை தேடினார். காணோம். 'மகிழ்கிறோம்' என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தார். அவருடைய நோட்டு 'எழுதாத நாட்கள்' என்ற தலைப்பில் வெளியாகிறதாம். மாதாமாதம் நாலு பக்கம் வேண்டுமாம்.

"இதை நீ அனுப்புனியா?"

"கிளினிக்ல கூட்டம் இல்லாத நேரத்துல டைப் பண்ணி அனுப்புனேன்."

"அதெல்லாம் உன்னை ஏமாத்துறதுக்கு எழுதினதும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"தெரியும்" என்றாள் அவள். "உங்க பன்னிரண்டு கதையிலயும் நம்புற மாதிரி ஒரு பொய் கிடையாது. நோட்டுல ஒவ்வொண்ணும் உயிரோட இருக்கு. பொய் சொல்லத் தெரியாதவர் இல்ல நீங்க, ஏமாத்த ஒரு ஆள் எதிர்ல இருந்தாத்தான் வருதுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

அவர் கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

அன்று ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சாக்கு எழுத உட்கார்ந்தார். சாக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் இல்லை. சின்னவள் மீதியைச் சரியாகச் சொன்னாள். பேனாகூட ஒழுங்காக எழுதியது. வேறு வழியில்லாமல் கதை எழுதினார். உளவாளியை வெளியே அனுப்பிவிட்டு, நின்றுபோன லிஃப்டுக்கு வெளியே நின்று, உள்ளே மாட்டிக்கொண்ட கிழவரோடு பேச்சுக் கொடுக்கும் ஒரு மெக்கானிக்கை எழுதினார். அறுநூற்று இருபது வார்த்தை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

அவள் நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள்.

"நல்லா இருக்குங்க. நெசமாவே நல்லா இருக்கு. நாளைக்கே அனுப்பிடலாம்."

அவருக்குக் கண் கலங்கியது.

"ஆனா அவங்க கேட்டது நாலு பக்கம் சாக்கு" என்று கதவைத் திறந்து பிடித்தாள். "உள்ள போயி, இன்னிக்கு ஏன் சாக்கு எழுத முடியலன்னு எழுதிட்டு வாங்க."