ஒன்பது மணிக்கு அமெரிக்கா

ராத்திரி ஒன்பது மணிக்கு அமெரிக்கா கூப்பிடும். எட்டே முக்கால் ஆகியும் பூபாலனிடம் ஒரே ஒரு ஊழியர்கூட இல்லை. விண்ணப்பத்தில் மூன்று பேர் என்று எழுதியிருந்தான்.

"ஹெலன், மூணு மாசமா கம்முனு இருந்துட்டு, இன்னிக்குப் போய் ஆபீசக் காட்டுங்கறான் அமெரிக்காக்காரன். இன்னா பண்றது?"

"மூணு பேருன்னு ஒங்கள யாரு எழுதச் சொன்னது?" என்றாள் மனைவி.

அது 2009. புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, கடைசியில் முதலீடும் தருகிற அமெரிக்க நிறுவனம் அது. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தே வெப்கேமராவில் சேரலாம். கம்பெனி வேன்களுக்கு நெரிசலில்லாத வழி சொல்லும் மென்பொருளோடு பூபாலன் சேர்ந்தான். அதற்காக சிறுசேரி ஐ.டி. கம்பெனி வேலையையும் உதறினான். இன்று தேறினால் பிழைத்தான். தவறினால், ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடக்கிற வருஷத்தில் அவனைச் சீந்த ஆளில்லை. வழிகாட்டி ஸ்டீவ் ஒருநாளும் முகம் காட்டியதில்லை. திரையில் ஒரு பாலத்தின் படம்தான் தெரியும். பெரிய மனுஷன், அப்படித்தான் இருப்பார் என்று இவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

படூர் வீட்டின் படுக்கையறை அலுவலகமானது. கட்டிலை நிமிர்த்திச் சாய்த்து அதன்மேல் போர்வை போர்த்தி, பின்னாலிருந்த துணிக்கொடியை மறைத்தார்கள். ஹெலன் நிதி அதிகாரி. எதிர்வீட்டு லோகநாயகி மென்பொருள் வல்லுநர். மூன்றாவது ஆளாக அடுக்குமாடி வாட்ச்மேன் ஏசுபாதத்தை, சீருடைக்கு மேலே டை கட்டி உட்காரவைத்தார்கள்.

"டைப் அடிக்கற மாதிரி வெரல ஆட்டுங்கக்கா," என்றான் பூபாலன் லோகநாயகியிடம்.

"கம்ப்யூட்டரே இல்லியேப்பா!"

"மேசமேல இன்னா கீதுன்னு கேமராவுல தெரியாதுக்கா."

பூபாலனின் கணினியில் அழைப்பு மணி அடித்தது. "குட் ஈவினிங்!" என்றார் ஸ்டீவ். ஏசுபாதம் விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்தார்.

"எங்கள் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர்," என்று ஆங்கிலத்தில் சமாளித்தான் பூபாலன்.

அந்த நேரம் பார்த்து சமையலறையில் குக்கர் அலறியது.

"அது என்ன சத்தம்?"

"தீ விபத்து ஒத்திகை!" பூபாலனின் வாய் முந்திக்கொண்டது.

"அப்புறம் ஏன் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

"எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று தமிழில் கத்தினான் பூபாலன். ஓடிய லோகநாயகியின் காலில் போர்வை சிக்கியது. கட்டில் தடாலென்று சாய்ந்தது. கொடியில் காய்ந்த பனியனும் பாவாடையும் அமெரிக்காவுக்குத் தரிசனம் தந்தன.

"மன்னிக்கவும் பூபாலன், நீங்கள் தேர்வாகவில்லை," என்றார் ஸ்டீவ்.

மானத்தைப் பார்க்கிற நேரமா இது? தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிக் கெஞ்சினான் பூபாலன்.

"ஸ்டீவ், இதை நம்பித்தான் இருந்த வேலையை விட்டேன். எனக்கு வேறு வழி இல்லை."

பாலத்தின் படத்துக்குப் பின்னாலிருந்து ஸ்டீவ் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"தெரியும் சார். அமெரிக்காக்காரன் இந்த வழிகாட்டி வேலைய ஒங்க பழைய சிறுசேரி கம்பெனிக்கே தள்ளிவுட்டுட்டான். நீங்க உட்டுட்டுப் போன சீட்டுலதான் நான் ஒக்காந்துகினு கீறேன்."